வெள்ளை அட்டையில் ஓர் ஓட்டை

என் ஓரகத்தி என்னை முதல்முறை தோற்கடித்தபோது அவள் இடுப்பில் இருந்தது என் பழைய பெல்ட். என் அளவுக்கு வாங்கியது அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. எங்கள் தறி ஷெட்டுக்கு வரும் மெக்கானிக்கிடம் குத்தூசி வாங்கி, நானே உட்கார்ந்து, நான்கு விரல் தள்ளி ஓர் ஓட்டை போட்டுக் கொடுத்தேன். அவ்வளவு பாங்காகச் செய்து கொடுத்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அவள் என் கொழுந்தனின் மனைவி. நகரியில் ஒரே வீட்டில் இருக்கிறோம். கீழே மாமியாரும் நாங்களும், மாடியில் அவர்கள். வீட்டை ஒட்டி அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான பவர்லூம் ஷெட். எனக்கு வயது நாற்பத்திரண்டு, அவளுக்கு முப்பது. இந்தப் பன்னிரண்டு வருட வித்தியாசத்தை நான் பெருமையாக நினைத்திருந்த காலமும் உண்டு.

நான் புத்தூரில் ஒரு டிகிரி காலேஜில் பிசிக்ஸ் லேப் அசிஸ்டென்ட். அங்கே விளையாட்டு ஆசிரியராக இருப்பவரை எல்லோரும் பி.டி. சார் என்போம். தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார், இரண்டையும் கலந்து பேசுவதுதான் அவருக்குச் சுலபம். வடமாலபேட்டையில், ஹைவேயை ஒட்டி, மாம்பழக்கூழ் கம்பெனி ஒன்றின் கோடவுனை வாடகைக்குப் பேசி ஒரு பிஸ்டல் க்ளப் நடத்துகிறார். மாங்காய் சீசனில் கோடவுன் முழுக்க ட்ரம்களாக இருக்கும், அப்போது க்ளப் கிடையாது. மற்ற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைதோறும் உண்டு. எத்தனை கழுவினாலும் அந்தத் தரையிலிருந்து ஒரு புளித்த இனிப்பு வாசனை வந்துகொண்டே இருக்கும். வீட்டில் மாம்பழம் நறுக்கினால்கூட இப்போது எனக்குக் கை துறுதுறுக்கிறது.

நிஜத் துப்பாக்கி இல்லை. சின்ன கேஸ் குப்பியை உள்ளே வைத்து, ஈயக் குண்டு போட்டுச் சுடுகிற ஏர் பிஸ்டல். லைசென்ஸ் தேவையில்லை. இதை ஒவ்வொரு உறவினருக்கும் தனித்தனியாக விளக்கி எனக்கு வாய் வலித்துவிட்டது. ஆனால் ஆட்டம் நிஜமானது. ஓர் இடத்தில் நின்று நிதானமாக வட்டத்தைச் சுடுவதல்ல இது. ட்ரம்களையும் பிளைவுட் பலகைகளையும் சுவர் போல நிறுத்தி வழி அமைத்திருப்பார்கள். அதற்குள் ஓடி, எட்டிப் பார்த்து, குனிந்து, அங்கங்கே நிற்கும் பழுப்பு அட்டைகளில் ஒவ்வொன்றிலும் இரண்டு குண்டு போட வேண்டும். நடுவில் பட்டால் ஏ, ஐந்து மார்க், ஓரத்துக்குப் போகப் போக சி, டி, மார்க்கும் குறைந்துகொண்டே போகும். சில இடங்களில் பழுப்பு அட்டையைப் பாதி மறைத்துக்கொண்டு ஒரு வெள்ளை அட்டை நிற்கும். அது ஒன்றும் அறியாத அப்பாவி என்று கணக்கு. அதில் பட்டால் பத்து மார்க் பறிபோகும், பழுப்பில் ஒரு குண்டு குறைந்தாலும் பத்து. கடைசியில் மொத்த மார்க்கை எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுப்பார்கள். வருகிற எண் யாருக்குப் பெரிதோ அவர் ஜெயித்தவர்.

முதல் நாளே ஐந்துக்கு ஐந்து ஏ அடித்தேன். பி.டி. சார் அட்டை அருகே போய்க் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "மேடம், மீ கண்ணு பங்காரம்" என்றார். என் கண்ணைத் தங்கம் என்று அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. கண்ணை என்ன, என்னிடமிருந்த எதையுமே சொன்னதில்லை.

வீட்டில் சொன்னபோது மாமியார்தான் தடை போட்டார். "ஒண்டியா ஆம்பளைங்க நடுவுல சுட்டுக்கினு இருந்தா ஊரு இன்னா சொல்லும்? சின்னவளையும் இட்டுக்கினு போ." அப்படித்தான் அவள் வந்தாள், எனக்குத் துணையாக. முதல் மூன்று வாரம் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தாள். விஜயபுரம் பக்கத்துப் பெண். அப்பா வீட்டிலிருந்து எப்போதும் ஒரு பை கடலை வந்துகொண்டே இருக்கும். நான்காவது வாரம் பி.டி. சார் சும்மா இருப்பானேன் என்று அவள் கையில் ஒரு பிஸ்டலைக் கொடுத்தார். அன்றைக்கு நான் அவளை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

அவள் சுடுகிற விதத்தில் ஒழுங்கே இல்லை. ஓடிக்கொண்டே சுடுவாள். ஏவில் ஒன்று, சியில் ஒன்று, சில சமயம் டியில் ஒன்று என்று இறைத்துவிட்டு வருவாள். நான் சுட்ட அட்டையைப் பார்த்தால் இரண்டு ஓட்டைகளும் அக்கா தங்கை மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஆனால் நான் முப்பது விநாடி எடுத்துக்கொள்ளும் இடத்தில் அவள் இருபதில் முடித்துவிடுவாள். வகுத்தல் கணக்கு யாருக்கும் தயவு காட்டாது. லேபில் பிள்ளைகளுக்குத் தினமும் வகுத்துக் காட்டும் எனக்கே அது புரிய ஆறு மாதம் ஆனது.

"அக்கா, இன்னா நடந்துச்சுன்னே தெரியல. பீப்னு சத்தம் கேட்டுச்சு, அப்பறம் பாத்தா முடிஞ்சு போயிருந்தது" என்பாள் மூச்சு வாங்கிக்கொண்டு. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நிலக்கடலை பிடுங்கிய கை, அதனால்தான் பறித்துப் போடுகிற வேகம் வருகிறது என்று ஒருமுறை சொன்னேன். கிண்டல் என்று நினைத்து அதற்கும் சிரித்தாள்.

இதில் என்ன இத்தனை வயிற்றெரிச்சல் என்று கேட்கலாம். பதினெட்டு வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன். அவள் வந்த நாளிலிருந்து எல்லாவற்றிலும் ஜோடி சேர்த்துவிட்டார்கள். மாமியார் புடவை எடுத்தால் இரண்டு எடுப்பார், ஒரே டிசைன், வேறு கலர். நல்ல கலரை அவள் எடுத்துக்கொள்ளட்டும் என்பார், சின்னவளாம். என் சாம்பார், அவள் சாம்பார். என் பிள்ளை மார்க், அவள் பிள்ளை மழலை. வருகிறவர்கள் எல்லாம் இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். பிஸ்டல் மட்டும்தான் நானாகப் போய்த் தேடிக்கொண்டது. அதிலும் அவளே வந்து, என் பிஸ்டல் பெல்ட்டையே கட்டிக்கொண்டு, என்னைவிட நன்றாகச் செய்தால் நான் எங்கே போவது?

போன வருடம் மழை விட்ட பிறகு பி.டி. சார் ஒரு செய்தி சொன்னார். சித்தூரில் பல க்ளப்புகள் சேர்ந்து ஒரு போட்டி வைக்கிறார்கள், ஒரு க்ளப்புக்குப் பெண்களில் ஒருவருக்குத்தான் இடம். வருகிற ஞாயிறு ஒரே ஒரு நீண்ட ஆட்டம் வைப்பேன், அதில் முதலில் வருகிறவர் சித்தூர் போகலாம் என்றார். எங்கள் க்ளப்பில் பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

எனக்கு அது எவ்வளவு முக்கியம் என்று யாருக்கும் தெரியாது. சில மாதங்களாகப் பிஸ்டல் முனையில் இருக்கும் குறி எனக்கு மங்கலாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. மருந்துச் சீட்டைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்கிற வயசு வந்துவிட்டது. திருப்பதியில் கண் டாக்டரிடம் காட்டினேன். கிட்டப் பார்க்கக் கண்ணாடி போட்டால் தூரத்து அட்டை மங்கும், போடாவிட்டால் குறி மங்கும், ஏதாவது ஒன்றைத்தான் சரி செய்ய முடியும், போகப் போக அதிகமாகும் என்றார். வீட்டில் தலைவலி மாத்திரை வாங்கப் போனதாகச் சொன்னேன். பங்காரம் போய்க்கொண்டிருந்தது. சித்தூருக்குப் போனால் அந்த வருடமே போக வேண்டும். அவளுக்கு இன்னும் பத்து சித்தூர் வரும்.

அந்த ஞாயிறு காலை எல்லோருக்கும் வழி நடந்து பார்க்க ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். வெறும் விரலைப் பிஸ்டல் போல நீட்டிக்கொண்டு, வாய்க்குள் எண்ணிக்கொண்டு, எங்கே நிற்பது, எங்கே குண்டு தீர்ந்த மேகசினை மாற்றுவது என்று ஒத்திகை பார்க்கும் நேரம் அது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு கூட்டம் பேய் பிடித்து நடப்பது போல இருக்கும். எட்டுப் பழுப்பு அட்டை, விழுந்தால் கணகணவென்று சத்தம் வரும் மூன்று இரும்புத் தட்டு. கடைசி அட்டையின் மேல் பாதிக்கு ஒரு வெள்ளை.

அவள் என் பின்னாலேயே வந்தாள். "அக்கா, அந்தக் கடைசில நின்னு சுடுறதா, நடந்துக்கினே சுடுறதா?"

"நடந்துக்கினே சுடு, ஒனக்குத்தான் அது வருமே" என்றேன். நான் அங்கே நின்று, மூச்சை விட்டு, ஒவ்வொன்றாகச் சுடப் போகிறேன் என்பதைச் சொல்லவில்லை.

நான் முதலில் சுட்டேன். தொண்ணூற்று மூன்று மார்க், முப்பத்தொரு விநாடி. வகுத்தால் சரியாக மூன்று. என் வாழ்நாளில் அதுவரை நான் தொட்டிராத எண் அது. பி.டி. சார் கணக்குப் போட்ட போனைத் தூக்கிக் காட்டியபோது அதை வாங்கி, கையை நீட்டிப் பிடித்து இன்னொரு தடவை பார்த்தேன்.

பிறகு அவள். பீப் கேட்டது. நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஓர் ஓட்டத்தை அந்தக் கோடவுனில் நான் பார்த்ததில்லை. தடுமாற்றமே இல்லை. மூன்று தட்டுகளும் ஒரே சத்தம் போல விழுந்தன. மேகசின் மாற்றியதையே நான் பார்க்கவில்லை. கடைசி அட்டையை நடந்துகொண்டே சுட்டு, பிஸ்டலைத் திறந்து காட்டி, உறையில் போட்டாள். பத்தொன்பது விநாடி. முடிந்தது, சித்தூரும் போனது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் ஆட்டத்தில் யாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. ஒருவர் சுட்டு முடித்தால் மற்றவர்கள் ஸ்டிக்கர் சுருளை எடுத்துக்கொண்டு போய், பழுப்பு அட்டையின் ஓட்டைக்குப் பழுப்பு ஸ்டிக்கரும் வெள்ளைக்கு வெள்ளையும் ஒட்டி, அடுத்தவருக்காக அட்டையைப் புதுசு போல ஆக்க வேண்டும். ஆனால் பி.டி. சார் வரிசையாக வந்து மார்க் சொல்லி, "ஒட்டண்டி" என்ற பிறகுதான் ஒட்ட வேண்டும். மார்க் எடுக்குமுன் ஓர் ஓட்டையை மூடிவிட்டால் கணக்கு தெரியாது. அப்போது அந்த ஓட்டம் முழுவதும் செல்லாது, மறுபடி முதலிலிருந்து சுட வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இந்த விதியை ஓதுவதே என் வேலை.

அவர் முதல் அட்டையில் நின்றிருந்தார். நான் நான்காவது அட்டைக்குப் போனேன். இரண்டு ஓட்டைகள், இரண்டும் ஏ. அவள் சுட்டதில் அவ்வளவு அழகாக இரண்டு ஓட்டைகளை நான் பார்த்ததில்லை. யாரும் இப்படி ஓர் ஓட்டத்தை இரண்டு தடவை ஓட முடியாது என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே ஸ்டிக்கரைக் கிழித்து ஒட்டினேன். இரண்டையும் ஒட்டினேன். கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்தும் விட்டேன்.

"அய்யோ சார்!" என்றேன். அந்தக் குரல் எனக்கே நம்பும்படியாக இருந்தது.

பி.டி. சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏமி மேடம் இதி? நீங்களே இப்படிப் பண்ணலாமா?" பிறகு அவளைப் பார்த்து, "ரீ-ஷூட், அம்மா. பாவம், தப்பு உன்னிது காது, உன் தப்பு இல்ல" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. ஒரு மாதிரி பார்த்தாள், அவ்வளவுதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுபடி சுட வேண்டுமானால் எல்லா அட்டைகளையும் ஒட்டியாக வேண்டும். பாவத்துக்குப் பரிகாரம் போல மற்றவற்றை நானே ஒட்டுகிறேன் என்று போனேன். ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு ஐந்து, ஆறு, ஏழு. கடைசி அட்டைக்கு வந்தேன். பழுப்பில் ஓர் ஓட்டைதான் இருந்தது. இன்னொன்று வெள்ளையின் நடுவில் இருந்தது, நடுநெற்றியில் வைத்த பொட்டு மாதிரி.

வெள்ளையில் பட்டதற்குப் பத்து, பழுப்பில் ஒன்று குறைந்ததற்குப் பத்து. மொத்தம் இருபது போயிருக்கும். ஒட்டிக்கொண்டே பார்த்த மற்ற ஓட்டைகளையும் சேர்த்து அங்கேயே நின்று மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். ஐம்பத்தாறு மார்க், பத்தொன்பது விநாடி. மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. நான் கையைச் சும்மா வைத்திருந்தால் போதும், சித்தூருக்கு நான் போயிருப்பேன்.

சார் என்று கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது? மறுபடி சுடு என்று சொன்ன பிறகு பழையது செல்லாது. வெள்ளை ஸ்டிக்கர் ஒன்றைக் கிழித்து அந்தப் பொட்டின் மேல் ஒட்டினேன். விரல் வியர்வையில் அது இரண்டு தடவை கீழே விழுந்தது.

இரண்டாம் தடவை அவள் கடைசி அட்டைக்கு முன் நின்றாள். நின்று, மூச்சை விட்டு, ஒவ்வொன்றாகச் சுட்டாள், நான் சுட்டது போலவே. இருபத்திரண்டு விநாடி, எண்பது மார்க். போனைப் பார்க்காமலே எனக்கு வகுத்துச் சொல்ல முடிந்தது, மூன்றரைக்கும் மேலே.

டோல்கேட் அருகே திருப்பதியிலிருந்து வந்த பஸ் ஏறினோம். ஜன்னல் சீட்டை எனக்கு விட்டாள். புத்தூர் வந்ததும் கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, "துன்னுக்கா" என்று என் மடியில் கொட்டினாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா? யாராண்டயும் சொல்லாத."

"இன்னா?"

"மொதல் தடவ நான் வெள்ளையில அடிச்சிட்டேன். விரல அழுத்தும்போதே தெரிஞ்சுபோச்சு. எல்லாம் போச்சுன்னு நின்னுக்கினு இருந்தேன். அப்பதான் நீ போய் ஒட்டின." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதைப் பாத்துட்டு என்னக் காப்பாத்தத்தானே ஒட்டின? சார் கிட்ட எல்லாத்தையும் சொல்லிடலாம்னுதான் பாத்தேன். ஒன்ன க்ளப்ப வுட்டு அனுப்பிட்டா இன்னா பண்றதுன்னு வாய மூடிக்கினேன்."

நான் கெடுக்க நினைத்தவள், எனக்காகப் பயந்துகொண்டு வாயை மூடியிருக்கிறாள். இதிலும் அவள்தான் ஒரு படி மேலே. அதைத் தாங்க முடியாமல்தான் உண்மையைச் சொன்னேன், நல்ல மனசினால் அல்ல.

"இல்லடி. ஒன்னக் கெடுக்கத்தான் ஒட்டினேன். நீ ஜெயிச்சிடப் போறேன்னு வயித்தெரிச்சல். வெள்ளைய நான் அப்ப பாக்கவே இல்ல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். "போக்கா! நீ செஞ்சத நீயே இல்லன்னு சொன்னா நான் நம்பிடுவனா? ஒன்ன எனக்குத் தெரியாதா?"

இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் என் மேல் அவளுக்கு மரியாதை கூடிக்கொண்டுதான் போனது. நகரியில் இறங்கியதும் நான் விட்டுவிட்டேன்.

யாரிடமும் சொல்லாதே என்றவள் அன்று சாயங்காலமே மாமியாரிடம் சொல்லிவிட்டாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைத் தடவினார். "மூத்தவளா இருந்தா ஒன்னாட்டம் இருக்கணும்" என்றார். பதினெட்டு வருடமாக அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தவள் நான். தலையை நகர்த்திக்கொள்ளவும் முடியவில்லை, வைத்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

சித்தூருக்கு அவளை ஒண்டியாக அனுப்பக் கூடாது என்றார் மாமியார். அதனால் நான் துணைக்குப் போனேன். பெரிய ஷெட், நிறைய க்ளப், நிறைய பெண்கள். என் கையிலும் ஒரு ஸ்டிக்கர் சுருளைக் கொடுத்தார்கள். அவள் சுட்டு முடித்துத் திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடிச் சிரித்தாள். போட்டி நடத்துகிறவர்களில் ஒருவர் முதல் அட்டையிலிருந்து மார்க் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் ஒட்டச் சொல்லும் வரை நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

நின்றபடியே வெள்ளை அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அருகில் மங்கும் கண்ணுக்குத் தூரத்து அட்டை நன்றாகவே தெரிந்தது. எதிலும் ஓட்டை இல்லை. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.